கல்பாசி ஏராளமாக இருக்கும்போதே அதை எண்ணத் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும் மாநிலப் பல்லுயிர் வாரியத்தினருக்கும்,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

ஒன்று ட்ரூரி ஆர்க்கிட். பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்பது அறிவியல் பெயர். அகத்தியமலைத் தொடரின் உயரமான சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய இனம். அதற்கு அடுத்த படி, காட்டிலிருந்தே அற்றுப்போவதுதான். இன்னொன்று கல்பாசி. எந்த ஊர் மளிகைக் கடையிலும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு கிடைக்கும். சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் அதன் மணம் எழும். செட்டிநாட்டுக் குழம்பு வைப்பவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது.

முதலாவதைக் காக்க உலக ஒப்பந்தம் இருக்கிறது, நாட்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டால், "அதுதான் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கிறோம், எடுத்த இடத்தில் எத்தனை ஆண்டில் திரும்ப வளர்கிறது என்று இப்போதே அளக்கத் தொடங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஆர்க்கிட்டுக்கு நேர்ந்ததைப் படித்த பிறகு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆர்க்கிட்டின் கதையில் உங்கள் துறைக்கும் நேரடிப் பங்கு உண்டு. 1865-ல் திருவிதாங்கூர் மலையில் அதைக் கண்டெடுத்தவர் கர்னல் ஹீபர் ட்ரூரி. 1874-ல் அதை முறைப்படி விவரித்து ட்ரூரியின் பெயரைச் சூட்டியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். சென்னை மாகாண வனத்துறையின் முதல் தலைவரான கிளெக்ஹார்னுக்குப் பிறகு அந்தத் துறையை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய அதே பெட்டோம்தான். மரத்தைக் கணக்குப் பார்க்க வந்த ஓர் அதிகாரி, புல்லுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு சிறு செடிக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். உங்கள் துறையின் மரபில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அதன் பிறகு நெடுங்காலம் அந்தச் செடி காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. 1970களின் தொடக்கத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அந்த நல்ல செய்தியே அதற்கு வினையாக முடிந்தது. பாஃபியோபெடிலம் பேரினத்தில் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது இது ஒன்றுதான். இந்தியாவில் இதன் மற்ற உறவினங்கள் வடகிழக்கு மலைகளில் இருக்கின்றன. ஆகவே வெளிநாட்டு ஆர்க்கிட் பிரியர்களிடம் இதற்கு நல்ல விலை. வணிகச் சேகரிப்பாளர்கள் மலையேறி, கிழங்கோடு தோண்டி எடுத்துப் போனார்கள். இதற்குக் காட்டுத்தீயின் சேதமும் சேர்ந்தது. 1990-ல்தான் அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதல் பின்னிணைப்புக்குப் போனது. 1991-ல்தான் நமது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கு என ஓர் அத்தியாயம் வந்தது. அன்றைய ஆறாவது அட்டவணையில் இருந்த ஆறு பதிவுகளில் ஒன்று இந்த ஆர்க்கிட் பேரினம்.

மறுபடி கண்டுபிடித்ததற்கும் சட்டம் வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். காக்க நினைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், "இந்தச் சரிவில் போன ஆண்டு இத்தனை இருந்தது, இந்த ஆண்டு இத்தனைதான் இருக்கிறது" என்று எடுத்து வைக்க ஒரு பழைய கணக்கு இருந்திருந்தால், அந்த இடைவெளி இவ்வளவு நீண்டிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கல்பாசிக்கு வருகிறேன். அது லைக்கன். பூஞ்சை இழைகள் உடலைக் கட்டுகின்றன. அந்த உடலுக்குள் இருக்கும் பச்சைப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. 1860களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவே மறுத்தார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் சேர்ந்து வாழ்வதைக் காட்டியது. இன்னும் எத்தனை பேர் உள்ளே குடியிருக்கிறார்களோ!

ஆர்க்கிட்டும் இந்த விஷயத்தில் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆர்க்கிட்டின் ஒரே காயில் தூள் போல ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் விதைக்குள் சேமிப்பு உணவு கிடையாது. மண்ணில் இருக்கும் தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். விதை எவ்வளவு விழுந்தாலும் அந்தப் பூஞ்சை இல்லாத இடத்தில் செடி வராது. பூஞ்சைத் துணை இல்லாமல் பிறக்கவே முடியாத ஒரு பூச்செடி, பாசித் துணை இல்லாமல் வாழவே முடியாத ஒரு பூஞ்சை. இரண்டையுமே தனியாகப் பெயர்த்தெடுத்துக் காப்பாற்ற முடியாது. வளரும் இடத்தோடு சேர்த்துத்தான் காக்க வேண்டும். எங்கள் மாணவர்களுக்குப் பூக்கும் தாவரம் ஒரு தாளிலும் லைக்கன் இன்னொரு தாளிலும் வருவதால் இந்த ஒற்றுமை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

வேறுபாடு எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. சிவப்புப் பட்டியலின் அளவுகோல் எண்களால் ஆனது. இனப்பெருக்கம் செய்யும் தனி உயிர்கள் 50-க்கும் குறைவு என்றால், அல்லது 250-க்கும் குறைவாக இருந்து மேலும் குறைந்துகொண்டே போகிறது என்றால், அல்லது வாழும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்து அதோடு சிதறலும் சரிவும் சேர்ந்தால், அது மிக அருகிய இனம். ஆர்க்கிட்டை இப்படி எண்ணலாம். சரிவில் நடந்து போய்க் கொத்துக் கொத்தாகக் குறித்துக்கொள்ளலாம். ஒரு மரத்தில் இருக்கும் கல்பாசியில் தனி உயிர் என்று எதைச் சொல்வது? இரண்டு வட்டங்கள் வளர்ந்து முட்டி ஒன்றாகக் கலந்துவிடும். ஒன்றிலிருந்து உதிர்ந்த நுண்துகள் பக்கத்துக் கிளையில் ஒட்டி இன்னொன்றாகும். அதனால் லைக்கன் ஆய்வாளர்கள் சிலர் ஒரு மரத்தில் உள்ள மொத்தத்தையும் ஒரு தனி உயிராகக் கணக்கில் கொள்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மரம் சாய்ந்தால் அதில் இருந்த அத்தனையும் சேர்ந்துதானே போகிறது?

எண்ணக் கடினம் என்பதாலேயே உலக அளவிலும் இந்த உயிர்கள் பின்தங்கிவிட்டன. சிவப்புப் பட்டியலில் முதன்முதலாக இரண்டு லைக்கன்கள் இடம்பெற்றதே 2003-ல்தான். லைக்கன்களையும் சேர்த்துப் பூஞ்சைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது என்ற அறிவிப்பு 2025 மார்ச்சில் வந்தது. அப்போது பட்டியலில் இருந்த மொத்த இனங்கள் 1.69 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் லைக்கன் இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் மதிப்பிட்டதே இல்லை. மதிப்பிடாமல் இருப்பது வேறு, மதிப்பிட்டு 'கவலையில்லை' என்று சொல்வது வேறு. நடைமுறையில் நாம் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறோம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளை யாராவது உலக அளவில் கல்பாசியை மதிப்பிட்டால், கவலையில்லை என்றுதான் பதில் வரும். அது சரியான பதிலாகவும் இருக்கும். கடையில் கிடைப்பவற்றில் முக்கியமான பார்மோட்ரீமா டிங்டோரம் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பரவியிருக்கும் இனம். கொல்லிமலையில் முழுவதும் போனாலும் உலகத்திலிருந்து போய்விடாது. அகத்தியமலைச் சரிவு எரிந்தால் அந்த ஆர்க்கிட் உலகத்திலிருந்தே போய்விடும். இரண்டு ஆபத்தும் ஒன்றல்ல. ஆகவே ஆர்க்கிட்டுக்குப் போகும் காவலில், பணத்தில் ஒரு துளியைக்கூட எடுத்து இதற்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உலகப் பட்டியலின் 'கவலையில்லை' கொல்லிமலைக்கோ கொடைக்கானலுக்கோ பதில் ஆகாது. ஒரு மலையில் ஓர் உயிர் தீர்ந்துபோகிறதா என்பதை அந்த மலை இருக்கும் மாநிலம்தான் பார்க்க வேண்டும். அதற்கு இடமும் இருக்கிறது. உயிரியல் பன்மைச் சட்டம், 2002-ன் 38-ஆம் பிரிவு, அழியும் நிலைக்குப் போகக்கூடிய இனங்களை மாநில அரசைக் கலந்தாலோசித்து மத்திய அரசு அறிவிக்கவும் அவற்றின் சேகரிப்பை ஒழுங்குபடுத்தவும் வழி செய்கிறது. 41-ஆம் பிரிவு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைக்கச் சொல்கிறது. மக்கள் பல்லுயிர் பதிவேடு அந்தக் குழுவின் வேலை. அந்தப் பதிவேட்டில் 'கல்பாசி – உண்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதால் எந்தப் பயனும் இல்லை. எந்த மரத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு பரப்பில் என்று எழுதினால்தான் பத்து ஆண்டு கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு ஏதாவது புரியும்.

ஏராளமாக இருப்பதை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பாறு கழுகைவிட நல்ல பதில் கிடையாது. 1980களில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் எங்கும் இருந்த பறவை. அதை எண்ணுவது வீண் வேலை என்றே பெரும்பாலோர் நினைத்திருப்பார்கள். ஆனால் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் அந்தப் பத்தாண்டிலேயே அவற்றை எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணியபோதுதான் சரிவு எவ்வளவு பயங்கரமானது என்பது எண்ணாக வெளிப்பட்டது. பிறகு நாடு முழுவதும் பார்த்தார்கள். 99 விழுக்காட்டுக்கு மேல் போயிருந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம் என்று தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மீதியிருக்கும் பாறுகளைக் காக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பரத்பூரின் பழைய கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் காரணத்தைத் தேடத் தொடங்கவே இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்?

லைக்கன்களிலும் இப்படி நடந்திருக்கிறது. பிரிட்டனில் நிலக்கரிப் புகை மண்டிய காலத்தில் லெக்கனோரா கோனிசியாய்டிஸ் என்ற இனம் நகரத்து மரங்களில் எல்லாம் அப்பிக் கிடந்தது. கந்தகப் புகை குறைந்ததும் அது வேகமாக மறைந்து இன்று தேடிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. யாரும் அதைப் பறித்து விற்கவில்லை, காற்று மாறியது, அவ்வளவுதான். லைக்கனுக்கு வேர் இல்லை. நீரும் உப்பும் மழையிலிருந்தும் பனிமூட்டத்திலிருந்தும்தான் வருகின்றன. கூடவே காற்றில் இருக்கும் கெட்டதும் வருகிறது. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களைப் பார்த்து 1866-லேயே வில்லியம் நைலாண்டர் என்ற லைக்கன் அறிஞர் லைக்கன்களுக்கும் நகரக் காற்றுக்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார். 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்து நடந்த பிறகு வடக்கு ஐரோப்பாவில் கலைமான் இறைச்சியில் கதிரியக்கச் சீசியம் ஏறியதற்குக் காரணம், அந்த மான்கள் தின்ற லைக்கன்கள். சாலையோர மரத்தில் எடுத்த கல்பாசியும் ஆள் நடமாட்டம் இல்லாத சோலையில் எடுத்த கல்பாசியும் நம் கடையில் ஒரே சாக்கில் கலக்கின்றன. ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்வது லைக்கன்களின் இயல்பு. சாப்பிடுகிறவர்களின் நலனுக்காகவும் எங்கே எடுத்தது என்ற கணக்கு வேண்டும்.

சாக்கில் கலப்பது இடம் மட்டும் இல்லை, இனமும்தான். கல்பாசி என்று ஒரு பெயரில் விற்பதில் பார்மோட்ரீமா இனங்களே பல இருக்கும். கூடவே ராமலினா, ஹெட்டரோடெர்மியா, சில நேரம் தாடி போலத் தொங்கும் அஸ்னியாவும் வரும். ஏராளமான ஓர் இனத்தின் பெயரில் அரிதான ஓர் இனம் காட்டை விட்டு வெளியேறினால் நமக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஆர்க்கிட்டைத் திருடியவனுக்குத் தான் எதைத் திருடுகிறோம் என்று தெரியும், பிடிக்கும் வனக்காவலருக்கும் தெரியும். இங்கே எடுப்பவர், வாங்குபவர், சமைப்பவர் யாருக்கும் தெரியாது.

இதற்கு முதல் படி அவ்வளவு கடினம் இல்லை. மேல்தோலை நகத்தால் சுரண்டி உள்ளே தெரியும் வெள்ளைப் பகுதியில் பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டு விட்டால், பார்மோட்ரீமா டிங்டோரம் உடனே சிவக்கும். அதில் இருக்கும் லெக்கனோரிக் அமிலம்தான் காரணம். பார்மோட்ரீமா பெர்லேட்டம் அப்படிச் சிவக்காது. இந்த ஒரு சோதனையால் எல்லா இனத்தையும் பிரித்துவிட முடியாது. ஆனாலும் சந்தைக்கு வரும் சாக்குகளில் மாதிரி எடுத்து முதல் சுற்றுப் பிரிப்பைச் செய்ய வனக்காப்பாளர் ஒருவருக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். மிச்சத்தை லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம். இந்த நாட்டின் லைக்கன் ஆய்வுக்கு அது நீண்டகாலத் தாயகம்.

அப்புறம், எடுப்பவர்களைப் பற்றி. இந்த மடலைப் படித்துவிட்டு 'கல்பாசி எடுக்கத் தடை' என்று ஓர் ஆணை வந்துவிடக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்க்கிட்டை அழித்தது வெளியிலிருந்து வந்த வணிகம். கல்பாசியை எடுப்பவர்கள் மலையிலேயே வாழ்கிறவர்கள்; தேன், கடுக்காய், சீமாறுப் புல்லோடு இதுவும் அவர்களின் வருமானம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் பல காலமாக லைக்கனைச் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்று வந்தவர்கள். 2011-ல் அங்கே கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. காட்டை அறிந்தவர்களோடு உட்கார்ந்து விதியை வகுக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

அப்படி உட்காரும்போது பேச வேண்டியவை எளியவைதான். இலை வடிவ லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும். பட்டையோடு சேர்த்துச் சுரண்டினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவை எடுத்து விளிம்பை விட்டால் அந்த விளிம்பிலிருந்து வளரும். காற்றுமழையில் ஒடிந்து விழும் கிளைகளில் இருப்பதை முதலில் எடுக்கலாம், அது எப்படியும் தரையில் மட்கிப்போகப் போவது. ஓர் ஆண்டு எடுத்த பகுதியைச் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம். எத்தனை ஆண்டு என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதை அந்த மரங்களே சொல்ல வேண்டும். அதற்குத்தான் அளவு வேண்டும் என்கிறேன். மின்சிட்டு தன் கூட்டின் வெளிப்புறத்தில் சிலந்தி நூலால் லைக்கன் துண்டுகளை ஒட்டிவைக்கும். கூடு இருப்பதே தெரியாமல் கிளையோடு கிளையாகிவிடும். அந்தப் பறவைக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

செலவைப் பற்றிய தயக்கம் உங்களுக்கு இருக்கும். ஐரோப்பாவில் மரத்து லைக்கன்களை வைத்துக் காற்றின் தரத்தை அளக்க ஒரு சட்டகத்தைப் பயன்படுத்துகிறார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள் ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மரத்தின் நான்கு திசையிலும் அதை வைத்து, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று எழுதுகிறார்கள். கம்பியில் நாமே கட்டிக்கொள்ளக்கூடிய பொருள் அது. கூடவே மரத்துக்கு ஓர் எண் தகடும் ஒரு கைப்பேசியும் போதும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கொடைக்கானலிலும் நீலகிரியிலும், எடுக்கும் பகுதியில் சில மரங்கள், எடுக்காத பகுதியில் சில மரங்கள் என்று குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை அதே மரம், அதே திசை, அதே சட்டகம் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இந்த வேலையைச் சேகரிக்கும் குடும்பங்களிடமே கூலி கொடுத்து ஒப்படையுங்கள். எந்த மரத்தில் எது இருந்தது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வந்த கணக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுங்கள். கிராம சபையில் படிக்கும்படி இருக்க வேண்டும்.

பக்கத்துக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முதுகலை ஆய்வுத் தலைப்பு தேடி அலையும் பிள்ளைகள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். சட்டகம் கட்டவும் இனம் பிரிக்கவும் கற்றுக்கொடுக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் சம்பளம் எதுவும் கேட்காமல் வருவோம்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு, ஏப்ரல் – மே மாதங்களில் மரங்களைத் தேர்ந்தெடுத்து எண் தகடு அடித்து முதல் படங்களை எடுத்துவிட்டால், மழையில் என்ன வளர்ந்தது என்பது அடுத்த கோடையிலேயே தெரியத் தொடங்கும். அதற்கான அனுமதியையும் ஒரு பொறுப்பு அதிகாரியையும் இந்த ஆண்டே அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்